வாயில்லா உயிருக்கு இரத்தம் கூறும் சாட்சியம்



கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் பூமியில் ஆட்டுக்கிடைக்கும் களத்துமேட்டுக்கும் நாயே காவல். விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை என்னும் சிற்றூரின் பெயர், நாட்டு நாய் இனமொன்றின் பெயராகவே நிலைத்துவிட்டது. இத்துணை நெருங்கிப் பழகிய உயிர் இருமத் தொடங்கினால் நாம் செய்வது யாது? "தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும்" என்கிறோம். அல்லது வீட்டில் மிஞ்சிய மருந்தைப் புகட்டுகிறோம். மனிதர் உட்கொள்ளும் ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் நாய்க்கு நஞ்சாகக்கூடும் என்பதை நாம் எண்ணுவதில்லை.

இருமல் ஒன்று, காரணங்களோ பல. மூச்சுக்குழாய் அழற்சியாக இருக்கலாம். கிருமியால் வரும் நிமோனியாவாக இருக்கலாம். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்கு உதவாது. நாயோ தன் நோவை எடுத்துரைக்க இயலாதது. அதற்காகப் பேசுவது அதன் இரத்தமே.

1930ஆம் ஆண்டில் நியூயார்க்கின் ராக்கெஃபெல்லர் ஆய்வுக்கூடத்தில் டில்லட், பிரான்சிஸ் என்னும் அறிஞர் இருவர், நிமோனியா கண்ட மனிதரின் இரத்தத்தில் ஒரு பொருளைக் கண்டறிந்தனர். இன்று சி-ரியாக்டிவ் புரதம் எனப்படும் அது, உடலில் அழற்சி மூண்டதும் கல்லீரலில் சுரந்து, சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் பெருகும். நாய்க்கும் அவ்வாறே. பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வில், கிருமியால் நிமோனியா கண்ட நாய்களிடம் இப்புரதம் மிக உயர்ந்திருந்தது. நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சியிலும், இதயக் கோளாற்றால் நீர் கோத்த நிலையிலும் அத்துணை உயரவில்லை. நோய் தணியும்போது இதன் அளவும் இறங்குவதால், மருந்தை எப்போது நிறுத்தலாம் எனத் தீர்மானிக்கவும் இது துணையாகும். இதயத்தசை விரிந்து வருந்தும்போது மிகுவது என்டி-புரோபிஎன்பி என்னும் வேறொரு பொருள். அது மிகுந்திருப்பின் மருத்துவர் இதயத்தை ஐயுறுவார்.

எனினும், சாட்சி ஒன்றைக் கொண்டே தீர்ப்பெழுதலாகாது. உடலின் வேறிடத்துப் புண்ணும் சி-ரியாக்டிவ் புரதத்தை உயர்த்தும். ஆகவே மருத்துவர் மார்பொலியைக் கேட்பதும், எக்ஸ்ரே படம் எடுப்பதும் இன்றியமையாதன.

நாம் செய்யத்தக்கது எளிது. இருமல் எத்தனை நாளாய் உள்ளது, இரவில் மிகுகிறதா, ஓடினால் மிகுகிறதா என்று கவனித்து, கால்நடை மருத்துவரிடம் சொல்லுவோம். மூச்சு வாங்கினாலோ, ஈறு நீலம் பாய்ந்தாலோ, உணவை மறுத்தாலோ, அன்றே கொண்டு செல்வோம். நம் வாசலை இரவெல்லாம் காத்த உயிருக்கு ஒரு பகற்பொழுதைச் செலவிடுவது மிகையன்று.