வைராக்கியமா, மனச்சோர்வா?

பகவத்கீதையின் முதல் அத்தியாயத்திற்கு அர்ச்சுன விஷாத யோகம் என்று பெயர். விஷாதம் என்பது மனத்துயர். போர்க்களத்தில் அர்ச்சுனனுக்கு உடல் நடுங்குகிறது, வாய் உலர்கிறது, காண்டீவம் கையினின்று நழுவுகிறது. அதன்பின் அவன் வாயில் வருவது துறவுப் பேச்சு. அரசு வேண்டாம், பிச்சையேற்று உண்பதே மேல் என்கிறான். கேட்பவர் அதை வைராக்கியம் என்றே எண்ணக்கூடும். கண்ணன் அவ்வாறு எண்ணவில்லை. அர்ச்சுனனுக்கு வந்தது நோயன்று; உபதேசத்தால் தெளிந்தது. ஆயினும் துயரம் துறவின் சொற்களில் பேசும் என்பதை முதியோர் வாழும் வீடுகளிலும் காணலாம்.

விடியலில் நீராடி, கோலமிட்டு, லலிதா சகஸ்ரநாமம் சொல்லிவந்த மூதாட்டி ஒருவர் மெல்ல ஒதுங்குகிறார். பிரதோஷத்திற்கும் கோயிலுக்கு வருவதில்லை. பேரனைக் கண்டாலும் முகம் மலர்வதில்லை. பாதிச் சோற்றோடு எழுந்துவிடுகிறார். “பாட்டிக்குப் பற்று விட்டுப்போயிற்று” என்று வீட்டார் பெருமையாகவே சொல்கின்றனர். பற்று விட்டவருக்கு இறைவனிடத்தில் சுவை கூடுமேயன்றிக் குறையாது. இவருக்கோ சுவாமி விளக்கேற்றுவதே சுமையாகிவிட்டது.

பெரும்பாலான நேரம் மனம் வாடியிருத்தல், முன்பு மகிழ்வித்தவற்றில் நாட்டம் அறுதல் ஆகிய இரண்டில் ஒன்றேனும் இருந்து, உறக்கக் கேடு, பசியின்மை, களைப்பு, காரணமற்ற குற்றவுணர்வு முதலியன சேர்ந்து 2 வாரங்களுக்குக் குறையாமல் நீடித்தால், மருத்துவர்கள் மனச்சோர்வு நோயை ஐயுறுகின்றனர். முதியோர் பலரிடம் அது கண்ணீராக வருவதில்லை. உடல்வலி, வயிற்றுக் கோளாறு, மறதி என்றே வெளிப்படும். வயதாகும்போது உறக்கமும் பசியும் வேறு காரணங்களாலும் குறையும் அல்லவா? அதனால் முதியோருக்கென 1980களில் அமைக்கப்பட்ட வினாத்தாள் அவற்றைக் கேட்பதேயில்லை. அதன் சுருக்க வடிவில் 15 வினாக்கள். வாழ்வில் நிறைவு உண்டா, நாள் வெறுமையாகத் தோன்றுகிறதா என்னும் வகையினவற்றிற்கு ஆம், இல்லை என்று சொன்னால் போதும். அதுவே முடிவான தீர்ப்பும் அன்று. தைராய்டு சுரப்புக் குறைவும் வைட்டமின் பி12 குறைவும் இதே தோற்றத்தைத் தரக்கூடும் ஆதலின் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். உட்கொண்டுவரும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டு மருத்துவரிடம் காட்டுவது நலம்.

“பகவான் எப்போது அழைத்துக்கொள்வாரோ” என்பது முதியோர் வழக்கமாகச் சொல்வது. சிரித்துக்கொண்டே சொல்பவரும் உண்டு. “நான் இல்லாவிட்டால் உங்களுக்கெல்லாம் நிம்மதி” என்பது வேறு. அதைக் கேட்டவர், உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே வினவலாம். வினவுவதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். நள்ளிரவானாலும் அரசின் 14416 என்னும் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

மருந்து தொடங்கினால் சில வாரங்கள் கழித்தே பயன் தெரியும். ஒரு மண்டலம் விரதமிருந்து பழகியவர்களுக்கு அந்தக் காத்திருப்பு புதிதன்று. சற்றுத் தெளிவு கண்டதும் மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்துவதுதான் பல வீடுகளில் நேரும் பிழை.