தாயைக் கேட்டார்களா?

தோழா,

தமிழ்நாட்டில் இன்று குழந்தை குடிசை மூலையில் பிறப்பதில்லை. சிம்னி விளக்கின் புகையில் பிறப்பதில்லை. மருத்துவமனையில் பிறக்கிறது. 2019-21 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, இம்மாநிலத்தில் நூற்றுக்கு 99.6 பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நடந்தன என்று கூறுகிறது. பிள்ளைப்பேறு என்றால் மறுபிறப்பு என்று அஞ்சிய நம் பாட்டிமார் இந்த எண்ணைக் கேட்டால் கையெடுத்துக் கும்பிடுவர்.

அந்தப் பெருமையைக் குறைத்துப் பேச இன்று நான் எழுதவில்லை. அந்தப் பெருமை பாதி வழியில் களைத்து உட்கார்ந்துவிட்டதே என்பதற்காக எழுதுகிறேன். பிள்ளை பெறும் வரையில் அவளைத் தேடித் தேடி வருகிறோம். மாதந்தோறும் எடை பார்க்கிறோம், இரத்தம் எடுக்கிறோம், இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம், வலி கண்டால் வண்டி அனுப்புகிறோம். பிள்ளை பிறந்துவிட்டால்? பார்வை முழுவதும் தொட்டிலுக்குப் போய்விடுகிறது. அடுத்த பிள்ளை எப்போது, வேண்டுமா வேண்டாமா என்று அவள் தானே முடிவு செய்வதற்கான வழி அவள் கைக்கு எட்டாத உயரத்தில் தொங்குகிறது.

அவ்வளவு அவசரம் என்ன என்று கேட்பாய். சொல்கிறேன், கேள்.

பால் கொடுக்கும் வரையில் கரு தங்காது என்பது ஊர் நம்பிக்கை. அது முழுப் பொய்யும் அன்று. முழு உண்மையும் அன்று. பிள்ளைக்குத் தாய்ப்பாலன்றி வேறெதுவும் தரக்கூடாது. மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. பிள்ளைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது. இம்மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அந்தக் காவல் காவல். ஒன்று தவறினாலும் கோட்டைக் கதவு திறந்ததுதான். பால் கொடாத தாய்க்கோ, பிள்ளை பிறந்த நான்காவது வாரத்திலேயே கருமுட்டை வெளிப்படக்கூடும். மாதவிலக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்வோம் என்று காத்திருப்பவள், மாதவிலக்கையே காணாமல் மறுபடி கருவுறுகிறாள். ஆனால், ஒரு பேற்றுக்கும் அடுத்த கருவுக்கும் இடையே 24 மாதமாவது இருக்கட்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுரை கூறுகிறது. உடல் தேற வேண்டும். இரத்தம் ஊற வேண்டும். மடியில் இருக்கும் பிள்ளை பால்குடி மறக்க வேண்டும் அல்லவா?

வழிகள் இல்லையா? இருக்கின்றன. காப்பர் டி இருக்கிறது. நஞ்சுக்கொடி விழுந்தவுடனேயோ, 48 மணி நேரத்திற்குள்ளோ பொருத்தலாம். அது தவறினால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். அந்தரா என்ற ஊசி இருக்கிறது. பால் கொடுக்கும் தாய் ஆறு வாரம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம். பிறகு மூன்று மாதத்திற்கு ஒருமுறை. லக்னோ ஆராய்ச்சிக்கூடத்தில் நம் நாட்டு அறிஞர்களே கண்டுபிடித்த மாத்திரை, சாயா என்ற பெயரில் இருக்கிறது. அது தாய்ப்பாலுக்குக் கேடு செய்யாதது. ஊசியும் இந்த மாத்திரையும் 2017-ஆம் ஆண்டிலேயே அரசின் இலவசத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டவை. திட்டத்தில் இருக்கின்றன, தாளில் இருக்கின்றன. தாயின் கையில் இருக்கின்றனவா?

நாடகம் எழுதுகிறவன் நான். ஆகவே காட்சிகளாகவே சொல்லிவிடுகிறேன். கதைத்தலைவிக்குப் பெயரில்லை, ஊர்தோறும் இருப்பவளுக்குத் தனிப்பெயர் எதற்கு?

முதற்காட்சி: பிரசவ வார்டு. பிள்ளை பிறந்து ஒரு நாள் ஆகிறது. "காப்பர் டி வைத்துக்கொள்கிறாயா அம்மா?" என்கிறார் செவிலியர். "வேறு வழி இருக்கிறதா சிஸ்டர்?" என்கிறாள் அவள். "இரண்டாவது பிள்ளை பிறந்ததும் ஆபரேஷன் செய்துகொள்ளலாம். எதற்கும் வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்." வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே, மாமியார் கட்டிலுக்கு அருகே. கேள்வி அங்கேயே அடங்கிவிடுகிறது.

இரண்டாம் காட்சி: ஆரம்ப சுகாதார நிலையம். புதன்கிழமை, தடுப்பூசி நாள். பிள்ளைக்கு ஆறு வாரம். "ஊசி போட்டாயிற்று. காய்ச்சல் கண்டால் இந்த மருந்து. அடுத்தது பத்தாவது வாரம். போய் வா அம்மா." ஏதோ கேட்க அவள் வாயெடுக்கிறாள். பின்னால் முப்பது பெண்கள் நிற்கிறார்கள். வாயை மூடிக்கொள்கிறாள்.

மூன்றாம் காட்சி: கணவன் ஊர். துணிந்து, கைப்பிள்ளையுடன் பஸ் ஏறி வந்திருக்கிறாள். "உன் பெயர் எங்கள் பதிவேட்டில் இல்லையே அம்மா. பேறு பார்த்த ஊரில் கேட்டாயா?" திரை விழுகிறது.

செவிலியரைக் கொடியவராகக் காட்ட நான் இக்காட்சிகளை எழுதவில்லை. சமவெளியில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அந்த ஐயாயிரம் பேரின் கருவும் பேறும், ஊசியும் காய்ச்சலும், பதிவேடும் அறிக்கையும் அந்த ஒருத்தியின் தோளில். கேட்க நேரமில்லாதபடி அவளை வைத்துவிட்டு, அவள் ஏன் கேட்கவில்லை என்று சீறுவது நீதியாகாது. குறை ஆளிடம் இல்லை, அமைப்பில் இருக்கிறது.

அந்த மூன்றாம் காட்சியைச் சற்று நின்று பார், தோழா. நம் வீடுகளின் வழக்கம் என்ன? முதற்பேறு தாய்வீட்டில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ, ஒற்றைப்படை பார்த்து, பிள்ளையோடு பெண்ணைப் புகுந்த வீட்டில் கொண்டுவந்து விடுகிறோம். கணவனும் மனைவியும் மீண்டும் ஒரு கூரையின் கீழ் வாழத் தொடங்குவது அப்போதுதான். காவல் தேவைப்படுவதும் அப்போதுதான். ஆனால் அவளை அறிந்த செவிலியர் பிறந்த ஊரில். அவள் வாழும் ஊரின் செவிலியருக்கோ அவள் புதியவள். ஆறாவது வாரத்தில் தாய்வீட்டில் முதல் ஊசி போட்டுக்கொண்டாள் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த ஊசி நாலரை மாதத்தில். அதற்குள் அவள் ஊர் மாறிவிட்டாள். இரண்டு ஊர்களுக்கு நடுவே, இரண்டு பதிவேடுகளுக்கு நடுவே, அவள் விழுந்துவிடுகிறாள். இந்த வழக்கம் நேற்று முளைத்ததா? தலைமுறை தலைமுறையாக நாம் அறிந்தது. திட்டம் தீட்டுவோர் மட்டும் அறியாதது எங்ஙனம்?

இனி எண்களைப் பார். அதே கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 57.8 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் அறுவையோ நூற்றுக்கு 0.1. ஆயிரம் குடும்பங்களில் ஒன்று! காப்பர் டி, மாத்திரை, ஊசி, உறை ஆகிய எல்லாமும் சேர்ந்தும் அறுவையின் அருகே நிற்க முடியவில்லை. இதன் பொருள் என்ன? முதற்பிள்ளைக்கும் இரண்டாம் பிள்ளைக்கும் இடையே ஒன்றுமில்லை; இரண்டாம் பிள்ளைக்குப் பின்னே கத்தி. நிறுத்துவதற்கு வழி வைத்தோம். இடைவெளி விடுவதற்கு வழி வைக்கவில்லை.

இது எப்படி வந்தது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1952-இல், உலகில் எந்த நாட்டுக்கும் முன்னதாக, குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக ஏற்றது இந்தியா. தொடக்கக் காலத்தில் ஆண்களே பெரும் எண்ணிக்கையில் வந்தார்கள். 1971 ஜூலையில் எர்ணாகுளத்து முகாமில் மட்டும் 60,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் அறுவை செய்துகொண்டார்கள். பிறகு வந்தது நெருக்கடி நிலை. 1976-77-இல் 80 இலட்சத்திற்கும் மேற்பட்டோருக்கு அறுவை. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இலக்கு வைத்து, ஆள்பிடித்து, அச்சுறுத்திச் செய்யப்பட்டவை ஏராளம். மக்கள் கொதித்தார்கள், ஆட்சி கவிழ்ந்தது. ஆண் விடுபட்டான். அவன் இறக்கி வைத்த சுமை யார் தலைக்கு ஏறியது? பெண்ணின் தலைக்கு! 2014 நவம்பரில் சத்தீசுகரில், பிலாசுப்பூர் அருகே, ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மாண்டார்கள். அத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுக்குள் ஒழித்துவிடுக என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று.

"இதைப் பேச இதுவா நேரம்?" என்று ஒரு குரல் கேட்கிறது. அந்தக் குரலை நான் ஒதுக்கவில்லை. பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்திய மாநிலம் நாம். அதனால் 1976-இல் தொகுதிகளின் எண்ணிக்கை 1971 மக்கள்தொகையின் அளவிலேயே நிறுத்தப்பட்டது; 2026 வரை அந்தத் தடை நீட்டப்பட்டது. அளவோடு பெற்றதற்குத் தண்டனையாக நாடாளுமன்றத்தில் நம் குரல் குறைய வேண்டுமா என்று நாம் கேட்பது நியாயம், உரக்கக் கேட்போம். ஆனால் 2024, 2025 ஆண்டுகளில் ஆந்திரத்து மேடையிலும் தமிழ்நாட்டு மேடையிலும் "அதிகம் பெறுங்கள்" என்ற பேச்சு எழுந்ததே, அங்கேதான் எனக்குத் திடுக்கிடுகிறது. நேற்று, குறைத்துப் பெறு என்றார்கள். இன்று, கூட்டிப் பெறு என்கிறார்கள். நேற்றும் அவளைக் கேட்கவில்லை. இன்றும் அவளைக் கேட்கவில்லை. தொகுதிக்கு நியாயம் கேட்க வேண்டிய இடம் டில்லி, தாயின் வயிறன்று.

கருத்தடையைப் பலர் ஆதரித்தார்கள். சிலர் பெண்ணின் உடல்நலத்துக்காக என்றார்கள். சிலர் நாட்டின் பொருள் நிலைக்காக என்றார்கள். தந்தை பெரியாரோ, ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே, பெண்ணின் விடுதலைக்காக என்றார். வேறுபாடு விளங்குகிறதா, தோழா? நாட்டுக்காக என்றால், நாட்டின் தேவை மாறும்போது ஆணையும் மாறும். விடுதலைக்காக என்றால், முடிவு என்றென்றும் அவளுடையது. ஒன்று போதும் என்றாலும் அவள் சொல். நான்கு வேண்டும் என்றாலும் அவள் சொல்.

ஆகவே கேட்கிறோம். கோட்டை கட்டித் தரச் சொல்லவில்லை. கோடி கொட்டச் சொல்லவில்லை.

ஒன்று: ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் என்று, பிள்ளையின் ஊசிக்காகத் தாய் தானே சுகாதார நிலையத்திற்கு வருகிறாள். அந்தப் புதன்கிழமையிலேயே, பக்கத்து அறையில், மாமியாரும் வரிசையும் இல்லாத தனிமையில், "உனக்கு என்ன வேண்டும் அம்மா?" என்று அவளைக் கேட்க ஓர் ஆளும், கேட்டதைக் கொடுக்க ஓர் அலமாரியும் வையுங்கள்.

இரண்டு: கருவுற்றதும் பிக்மி எண் கொடுக்கிறீர்கள், பிறப்பைப் பதியவும் அந்த எண்ணைக் கேட்கிறீர்கள். அந்த எண் தாயோடு ஊர் மாறட்டும். எந்த ஊரில் அவள் நின்றாலும் அடுத்த ஊசி அவளுக்குக் கிடைக்கட்டும்.

மூன்று: கருத்தடை அறுவைக்குக் கணவன் இசைவு தேவையில்லை என்பது அரசின் விதியே. அதைக் கொட்டை எழுத்தில் எழுதிப் பிரசவ வார்டின் சுவரில் மாட்டுங்கள். அதே சுவரில் இன்னொன்றும் எழுதுங்கள்: அவள் இசையாமல் எதையும் அவள் உடலில் பொருத்தக் கூடாது. கேட்டும் கொடாமல் இருப்பதும் கேளாமல் பொருத்துவதும் ஒரே குற்றத்தின் இரண்டு முகங்கள்.

நான்கு: பேறு காலச் சோதனையின்போதே எல்லா வழிகளையும் எடுத்துச் சொல்லுங்கள். வலியில் துடிப்பவளிடமும், தையல் ஆறாதவளிடமும் அவசர அவசரமாகக் கேட்பது கேள்வியாகாது.

இவை அரசுக்கு. ஆண்மகனே, உனக்கும் ஒன்று உண்டு. ஆண்களுக்கான இன்றைய அறுவையில் கத்தி இல்லை, தையல் இல்லை, சில நிமிடங்களில் முடியும், அன்றே வீடு திரும்பலாம். மூன்று மாதம் வேறு காவலோடு இருந்து, சோதித்துப் பார்த்துவிட்டால் போதும். பெண்ணுக்கோ வயிற்றைத் திறக்க வேண்டும். பத்து மாதம் சுமந்தவள் அவள். வலித்துப் பெற்றவள் அவள். இனி வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தபின் கத்திக்கும் அவளையேதான் அனுப்புவாயா? ஆயிரத்தில் ஒருவன் என்ற எண், வீரத்தைப் பாடும் இனத்துக்கு அழகா?

வருகிற புதன்கிழமை, உன் ஊர்ச் சுகாதார நிலையத்திற்குப் போ, தோழா. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பவள் உன் தங்கையாக இருக்கலாம். உன் மனைவியாகவே இருக்கலாம். அங்கே சாயா மாத்திரை இருக்கிறதா என்று கேள். அந்தரா ஊசி எந்த நாளில் என்று கேள். இல்லை என்றால், ஏன் இல்லை என்று எழுதிக் கேள். கிராம சபையில் எழுந்து நின்று கேள். நமது கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவா. பெண்கள் சங்கதி என்று எவரேனும் சிரித்தால், அவரைப் பெற்றவளும் ஒரு பெண்தான் என்று நினைவூட்டு.

பிள்ளை பிறக்கும் நாளில் அவளுக்கு வண்டி அனுப்பிய நாடு இது. பிறந்த மறுநாள் முதல் அவள் சொல்லுக்கும் செவி கொடுக்கட்டும்.