காற்றாலையோட சிடிசி எவ்வளவு, டேக் ஹோம் எவ்வளவு?

"காத்து நின்னா கரண்டும் நின்னுடும், அதை எப்படி சார் நம்புறது?" என்று கேட்டார் ஒரு கிளையன்ட். அதே வாரம் 25 வயசு தம்பி ஒருத்தர், "காற்றாலை கம்பெனி ஷேர்ல போனஸ் மொத்தத்தையும் போடலாமா?" என்றார். ரெண்டு பேருமே பார்க்க வேண்டிய நம்பரைப் பார்க்கலை.

மெகாவாட் என்பது உங்க சிடிசி மாதிரி. கையில வர்றது யூனிட். 1 மெகாவாட் காற்றாலை வருஷத்தின் 8,760 மணி நேரமும் முழுத் திறனில் ஓடினா 87.6 லட்சம் யூனிட் வரணும். 25 சதவீதம்தான் ஓடுதுன்னு வைங்க, சுமார் 22 லட்சம். இதுல ஏமாத்து வேலை எதுவும் இல்லை. காற்றாலையோட இயல்பே அதுதான்.

பிரச்சினை, அது எப்போ வருதுங்கறதுல. முப்பந்தல் பக்கமும் பாலக்காட்டுக் கணவாய் பக்கமும் தென்மேற்குப் பருவக்காற்று வீசுற மாசங்கள்லதான் வருஷ உற்பத்தியில் பெரும்பகுதி கிடைக்குது. வேரியபிள் பே மாதிரி. வரும்னு தெரியும், ஆனா வாடகை மாசாமாசம் கட்டணுமே! 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. 10,000 மெகாவாட்டுக்கு மேல காற்றாலை இருக்கிற மாநிலம் இது. ஆனா காத்து சீசன் அப்போ இன்னும் சூடு பிடிக்கலை.

அதனால என் கருத்து இதுதான்: வருஷக் கணக்குக்குக் காற்றை நம்பலாம். ஒரு குறிப்பிட்ட நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு நம்பக்கூடாது. அந்த ஏழு மணிக்கு அனல் மின்சாரமோ, அணையோ, பேட்டரியோ தயாரா நிக்கணும். அதுதான் இங்கே எமர்ஜென்சி ஃபண்ட். "காத்து ஃப்ரீதானே" என்பவர்கள் அந்தச் செலவைச் சேர்க்கறதில்லை. காற்றைத் திட்டுறவங்களும் ஒண்ணை மறந்துடுறாங்க: அனல் மின் நிலையத்துல ஒரு யூனிட் பழுதானா, நூத்துக்கணக்கான மெகாவாட் ஒரே நொடியில போயிடும். காத்து குறையறதையாவது முன்கூட்டியே ஓரளவு கணிக்கலாம்.

இன்னொண்ணு. ஒரு காலத்துல காற்றாலைக்கு 80 சதவீதம் தேய்மானம் கிடைச்சது. 2017 ஏப்ரல்ல இருந்து 40தான். காத்தைப் பார்க்காம வரியை மட்டும் பார்த்து வாங்கினவங்க நிறைய பேர்.

அந்தத் தம்பிகிட்ட சொன்னது: ஆண்டறிக்கையில் மெகாவாட்டைத் தாண்டிப் போங்க. அஞ்சு வருஷமா எத்தனை யூனிட் வித்தாங்க, மின் வாரியத்துகிட்ட இருந்து பணம் வர எத்தனை நாள் ஆகுதுன்னு பாருங்க. போனஸ் மொத்தத்தையும் போட வேண்டாம்னும் சொன்னேன். அவர்கிட்ட இன்னும் ஒரு மாசச் செலவுக்குக்கூட சேமிப்பு இல்லை.