புழக்கடையில் சீனித்துளசி: வீட்டுக்கு ஆறு செடி போதும், ஏக்கர் கணக்கு வேண்டாம்

செங்கம் வட்டாரத்து உழவர்களுக்குக் கரும்பு புதிதல்ல, வெல்லமும் புதிதல்ல. ஆனால் இனிப்பை விளைவிக்கும் கைகளே இன்று இனிப்பைத் தொட அஞ்சும் காலம் வந்துவிட்டது. சர்க்கரை வியாதி பட்டணத்துப் பணக்காரர் வியாதி என்ற எண்ணம் பொய்யாகிப் பல காலமாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023ல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்நோய் உள்ளது. 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடிவரும் மாத்திரைகளில் சர்க்கரை நோய்க்கான மாத்திரையும் உண்டு. கழனியில் இறங்கி உழைப்பவர் வீட்டிலும் அந்த மாத்திரை அட்டை தொங்குகிறது.

இந்நிலையில் 'சீனித்துளசி' என்றும் 'இனிப்புத் துளசி' என்றும் வழங்கும் ஸ்டீவியாச் செடியைப் பற்றி உழவர்கள் அடிக்கடி விசாரிக்கிறார்கள். விசாரிப்பவர்கள் இரு வகையினர். வீட்டு உபயோகத்துக்கு வளர்க்கலாமா என்று கேட்பவர் ஒரு வகை. கரும்பை எடுத்துவிட்டு இதை ஏக்கர் கணக்கில் வைக்கலாமா என்று கேட்பவர் இன்னொரு வகை. முதல்வருக்கு என் பதில், தாராளமாக வளருங்கள் என்பது. இரண்டாமவருக்கு என் பதில், சற்றுப் பொறுங்கள் என்பது. இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

இச்செடியின் பூர்வீகம்

தென் அமெரிக்காவில் பாராகுவே நாட்டு மலைப்பகுதி இதன் தாய்மண். அங்குள்ள குவாரானி மக்கள் தலைமுறை தலைமுறையாக இதன் இலையைக் கசப்புப் பானங்களில் இனிப்புக்குச் சேர்த்துவந்தனர். மோய்சஸ் பெர்டோனி என்ற தாவரவியலார் 1899ல் இதை உலகுக்கு விவரித்தார். இனிப்புக்குக் காரணமான பொருளை 1931ல் பிரெஞ்சு ரசாயன அறிஞர்கள் பிரித்தெடுத்தனர். 1970களிலேயே ஜப்பான் இதை உணவுத் தொழிலில் பயன்படுத்தத் தொடங்கியது. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், இலையிலிருந்து சுத்திகரித்து எடுக்கும் இனிப்புப் பொருளுக்கு 2015ல் அனுமதி அளித்தது.

அயல்நாட்டுச் செடி நமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் கொல்லைகளில் விளையும் மணிலாக்கொட்டையும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவையே. செடி எங்கிருந்து வந்தது என்பதைவிட, நமக்கு என்ன செய்யும் என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

வெல்லம் மாற்று ஆகாது

ஒரு தவறான எண்ணத்தை முதலில் களையவேண்டும். வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல், வெல்லமும் கருப்பட்டியும் தேனும் சர்க்கரை நோயாளிக்கு ஆகும் என்று ஊரில் பலர் நம்புகின்றனர். நாட்டு வெல்லத்திலும் பனை வெல்லத்திலும் பெரும்பகுதி இருப்பது அதே சர்க்கரைச் சத்துதான். கொஞ்சம் தாதுப்பொருளும் நல்ல மணமும் கூடுதலாக இருக்கலாம். ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் இவை பின்தங்குவதில்லை. நோயில்லாதவர் அளவோடு சாப்பிட வெல்லமும் கருப்பட்டியும் அருமையானவை. நோயாளிக்கு அவை மாற்றல்ல.

சீனித்துளசி இதில் வேறுபடுகிறது. இதன் இனிப்பு சர்க்கரைச் சத்தே அல்ல. காய்ந்த இலை சர்க்கரையைப்போல் 10 முதல் 15 மடங்கு இனிப்பு. சுத்திகரித்த பொருளோ 200 மடங்குக்கும் மேல். இந்த இனிப்பு ரத்தச் சர்க்கரையை உயர்த்துவதில்லை. காபியில் போடும் சர்க்கரையை நிறுத்த முடியாமல் தவிக்கும் வீட்டுப் பெரியவருக்கு இதனால் உள்ள உபகாரம் அதுதான்.

வீட்டில் வளர்க்கும் முறை

விதை சரியாக முளைப்பதில்லை. எனவே நல்ல தாய்ச்செடியின் நுனித்தண்டை நான்கைந்து அங்குல நீளத்தில் வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மணலும் மக்கிய எருவும் கலந்த பையில் நட்டு நிழலில் வைக்கவேண்டும். மூன்று, நான்கு வாரங்களில் வேர் பிடிக்கும். ஆனி, ஆடியில் ஒரு மழை கண்டபின் நிலத்துக்கு மாற்றுவது நல்லது. கத்தரி வெயிலில் நட்டால் பிழைப்பது கடினம்.

செங்கம் பகுதிச் செம்மண் இதற்கு ஏற்றது. களிமண்ணும் தண்ணீர் தேங்குமிடமும் ஆகாது. தரையைவிட அரை அடி உயரத்தில் மேட்டுப்பாத்தி அமைத்து, தொழு உரமிட்டு, வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி இடைவெளியில் நடலாம். வேர் ஆழம் போகாது. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி தண்ணீர் விடவேண்டும். கோடையில் முருங்கை அல்லது பந்தலின் அரைநிழல் கிடைத்தால் நன்று. அடிவாரத்து வெப்பத்தைவிட ஜவ்வாது மலைமேல் உள்ள குளிர்ச்சி இச்செடிக்கு இன்னும் உகந்தது. வானாய்வு நிலையம் அமைந்துள்ள காவலூரே கடல் மட்டத்துக்கு 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலைவாழ் மக்கள் சாமைக் கொல்லை ஓரத்தில் நாலு செடி வைத்துப் பார்க்கலாம்.

முக்கியமாகக் கவனிக்கவேண்டியது மொட்டு. பகல் நேரம் குறுகினால் பூக்கும் இனம் இது. இதன் தாய்மண்ணில் கோடைப் பகல் 13 மணி நேரத்துக்கும் அதிகம். நம் பக்கத்தில் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தை எட்டாது. ஆகவே செடி வளருமுன்பே மொட்டு விட்டுவிடும். பூத்தபின் இலையில் இனிப்பு குறையும். மொட்டுக் கண்டதும் கிள்ளிவிடவேண்டும். கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளை வெடித்து இலையும் பெருகும். இலையை அப்படியே உண்ணப்போகிறோம் என்பதால் பூச்சி மருந்தைக் கிட்டேயே கொண்டுவரவேண்டாம். புள்ளி விழுந்த இலையைப் பறித்து எரித்துவிட்டால் போதும்.

பொடி செய்தல்

நட்ட மூன்று மாதத்தில், மொட்டு விடும் தறுவாயில், தரையிலிருந்து மூன்று அங்குலம் விட்டுக் காலை வேளையில் வெட்டவேண்டும். பிறகு இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெட்டலாம். நல்ல பராமரிப்பில் ஒரே செடி மூன்று ஆண்டுக்குமேல் பலன் தரும்.

வெட்டிய கிளைகளை அலசி, காற்றோட்டமான நிழலில் பரப்பி உலர்த்தவேண்டும். மழைக்காலத்தில் குவித்துவைத்தால் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். கையால் நொறுக்கினால் நொறுங்கும் பதம் வந்ததும் இலையை மட்டும் உருவி எடுத்து, மிக்சியிலோ உரலிலோ பொடித்து, துணியில் சலித்து, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் அடைத்துவிடலாம். காம்பில் இனிப்பு குறைவு, அது வேண்டாம்.

ஒரு டம்ளர் காபிக்கு இரு விரல் நுனியில் எடுக்கும் ஒரு சிட்டிகை போதும். டிகாக்‌ஷன் இறக்கும்போதே அதைச் சேர்த்து வடிகட்டினால் தூள் நாவில் படாது. கூடப்போட்டால் இனிப்பு கூடாது, கசப்புதான் கூடும். கொதிக்கவைப்பதால் இனிப்பு கெடுவதில்லை. ஆனால் இதில் பாகு வராது. அதிரசமும் கடலை உருண்டையும் இதனால் செய்ய முடியாது.

கணக்குப் பார்ப்போம். ஒருவர் நாளைக்கு இரண்டு வேளை காபி குடித்தால் ஆண்டுக்குச் சுமார் 250 கிராம் பொடி வேண்டும். ஒரு செடி ஒரு வெட்டுக்கு 15 கிராம் காய்ந்த இலை கொடுத்தாலும், ஆறு செடியில் ஆண்டுக்கு மூன்று வெட்டில் 270 கிராம் கிடைத்துவிடும். ஒரு நோயாளி உள்ள வீட்டுக்கு ஆறு செடி, இருவர் இருந்தால் பன்னிரண்டு. ஒரு கயிற்றுக் கட்டில் போடும் இடத்தில் அடங்கும் காரியம்.

எச்சரிக்கையும் தேவை

இது மருந்தல்ல. காபியில் சர்க்கரையை நிறுத்திவிட்டு, மூன்று வேளையும் குவித்துச் சோறு உண்டால் பயனில்லை. இதை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. உடல் பருமனைக் குறைக்கும் வழியாக இத்தகைய சர்க்கரையல்லாத இனிப்புகளை நம்பவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் கூறியுள்ளது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. பல நாடுகள் அனுமதித்திருப்பது சுத்திகரித்த பொருளையே. பச்சை இலைக்கு அமெரிக்காவில் அந்த அங்கீகாரம் இல்லை. எனவே சிட்டிகை அளவைத் தாண்டவேண்டாம். கர்ப்பிணிகளும், ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுபவர்களும் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைக் கேட்டுக்கொண்டு பயன்படுத்துவதே முறை.

ஏக்கர் ஆசை

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். மேற்சொன்ன இடைவெளியில் ஒரு ஏக்கருக்குச் சுமார் 29,000 நாற்று பிடிக்கும். நாற்று ஒன்று 5 ரூபாய் என்று வைத்தாலே, எருவும் கூலியும் போகுமுன் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ரூபாய். அந்தப் பணத்தை முதல் நாளே வாங்கிக்கொள்பவர் நாற்று விற்பவர். இலைக்கு விலை கிடைக்குமா என்று காத்திருப்பவர் உழவர். 'விளைந்ததை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்' என்ற வாய்ச்சொல்லை மட்டும் நம்பி இறங்கினால், நஷ்டம் யார் தலையில் விழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. காட்டாமணக்கை நம்பியவர்கள் பட்டதை அறிவோம். ஈமு கோழியில் பணம் போட்டவர்கள் 2012ல் பட்டதையும் மறந்துவிடவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. இலையின் விலை எடையை மட்டும் பொறுத்ததல்ல. அதிலுள்ள இனிப்புச் சத்தின் அளவையும் பொறுத்தது. அதை அளப்பது வாங்குபவரின் ஆய்வுக்கூடம். கரும்புக்குச் சர்க்கரைக் கட்டுமானம் பார்ப்பதைப்போன்ற ஏற்பாடுதான். அதில் உழவருக்கு எவ்வளவு கை இருக்கிறது என்பது கரும்பு போட்டவர்களுக்குத் தெரியும். இலையைச் சுத்திகரிப்பதோ ஆலையில் நடக்கவேண்டிய வேலை, அடுப்படியில் ஆகாது. வெல்லமென்றால் நாமே காய்ச்சிச் சந்தைக்குக் கொண்டுபோகலாம். இந்த இலையை வாங்குபவர் கைவிட்டால் ஏக்கர் விளைச்சலை வேறு எவரிடம் விற்பது?

ஒப்பந்தச் சாகுபடிக்கென்று தமிழ்நாட்டில் 2019ல் தனிச் சட்டம் வந்துள்ளது. எவராவது திரும்ப வாங்கும் உறுதியோடு வந்தால், விலையும் தரமும் பணம் தரும் நாளும் எழுத்தில் இருக்கிறதா, சட்டப்படி ஒப்பந்தம் பதிவாகிறதா என்று கேளுங்கள். பதிவுக்குத் தயங்குபவரிடம் நாற்று வாங்காதீர்கள்.

செய்யவேண்டியவை

தோட்டக்கலைத் துறை தன் பண்ணைகளில் தரமான தாய்ச்செடி வைத்து, வீட்டுக்கு ஆறு நாற்று வீதம் குறைந்த விலையில் கொடுக்க முன்வரவேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஒரு செடியிலிருந்து பத்துச் செடி பெருக்கி அண்டை அயலாருக்குக் கொடுக்கலாம். தண்டு வெட்டி நட்டால் வளரும் செடிக்கு எவரும் எவருக்கும் அதிக விலை கொடுக்கவேண்டியதில்லை. மீந்த இலையைப் பொடித்துப் பொட்டலம் கட்டி விற்க நினைப்பவர்கள், முதலில் உணவுப் பாதுகாப்புத் துறையில் விதிமுறைகளைக் கேட்டுப் பதிவு பெறவேண்டும்.

அதேபோல், சீனித்துளசி வந்துவிட்டதென்று பனையை மறக்கலாகாது. பனையைக் காக்கவும் பனை விதை வழங்கவும் 2021ல் அரசு திட்டம் அறிவித்தது. வரப்போரத்தில் ஊன்றும் பனங்கொட்டை பதநீர் தரப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குமேல் ஆகும். அது பேரப்பிள்ளைகளுக்கு நாம் விடும் சொத்து. நோயற்றவர் வீட்டுக்குக் கருப்பட்டியும், நோயுற்றவர் காபிக்குச் சீனித்துளசியும் இருக்கட்டும். ஒன்று மற்றொன்றுக்குப் பகையல்ல.

சிறு உழவருக்கு நிலமே முதல். அதைப் பணயம் வைத்து எந்தப் புதுப் பயிரையும் சோதிக்கவேண்டியதில்லை. ஆறு செடியில் ஓராண்டு பழகுங்கள். எந்த மாதம் வாடுகிறது, எப்போது மொட்டு விடுகிறது, வீட்டார் நாக்கு அதை ஏற்கிறதா என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். அதன்பின் வாங்குபவரும் விலையும் எழுத்தில் உறுதியானால், ஐந்து சென்ட்டில் தொடங்குவதைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை சீனித்துளசி கழனிக்குப் போகவேண்டாம், கிணற்றடியிலேயே இருக்கட்டும்.