வீட்டோடு செல்வோர் கடன்

உண்ணவும் உறங்கவும் இடமமைந்த வீட்டு வண்டியிற் குடும்பத்தோடு கடற்கரை வழியே உலாவும் வழக்கம் நம் நாட்டிலும் தலைப்பட்டுள்ளது. இது முற்றும் புதிதன்று. நம் முன்னோரும் கூண்டு வண்டியில் அரிசியும் அடுகலமும் ஏற்றிச் சென்று, சாலையோரத் தோப்புகளிற் சமைத்துண்டு, திருவிழாக் கண்டு மீண்டனர். ஆயின் அவர் விட்டுச்சென்றவை சாம்பலும் இலையுமே. அவற்றை மண் ஏற்றுக்கொண்டது. நாம் விட்டுச்செல்வன நெகிழிப் பைகளும் புட்டிகளும்.

கள்ளக்குறிச்சியார்க்குக் கடல் தொலைவென எண்ணற்க. கல்வராயன் மலையிற் பிறக்கும் கோமுகியாறு மணிமுக்தாவொடு கூடி, வெள்ளாற்றிற் கலந்து, பரங்கிப்பேட்டையருகே கடலை அடைகின்றது. அதன் தென்பால் உள்ளது பிச்சாவரத்து அலையாத்திக் காடு. கோமுகிக் கரையில் ஒருவர் எறிந்த பை வெள்ளத்தில் மிதந்து சென்று வலைஞர் வலையிற் சிக்குதலுங் கூடும்.

2019 சனவரி முதல் நாள் தொட்டு, ஒருமுறை பயன்படும் நெகிழிப் பொருள்கள் பலவற்றை நம் மாநில அரசினர் தடுத்துள்ளனர். எனினும், வழியிற் குப்பைத் தொட்டி இல்லையே என்பர் சிலர். வீட்டையே உடன்கொண்டு செல்வார்க்குக் குப்பையை மீளக் கொணர இடமில்லையோ? மலையும் கரையும் வழிச்செல்வோர்க்குக் காட்சி. மலைவாழ் மக்களுக்கும் பரதவர்க்கும் வீடு. தம் வீட்டோடு செல்வோர் பிறர் வீட்டைத் தூய்மையாய் விட்டு வருதலே முறையாம்.