'ரிப்போர்ட் எல்லாம் நோர்மல்': அதற்காக நோய் இல்லை என்று ஆகிவிடாது

"ரிப்போர்ட் எல்லாம் நோர்மல்." இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகளுக்குச் சோம்பேறிப் பட்டம் கட்டியிருக்கிறோம்?

கொவிட் வந்து மாதங்கள் கழிந்தும் களைப்புப் போகவில்லை என்று சொல்பவர்களைப் பற்றித்தான் சொல்கிறேன். படி ஏறினால் நெஞ்சு படபடக்கும். அரை மணிநேரம் படித்தால் தலைக்குள் புகைமூட்டம். ஒருநாள் கடைக்குப் போய்வந்தால் அடுத்த இரண்டு நாளும் கட்டில்தான். உடனே பெரியவர்கள் சொல்வார்கள்: "இந்த வயசில என்ன களைப்பு? எழும்பி ஓடித் திரி, எல்லாம் சரியாப் போகும்."

லண்டனில் இருக்கும் என் மச்சாளுக்கும் இதேதான் நடந்தது. இரத்தம் எடுத்தார்கள், ஈசிஜி எடுத்தார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். எல்லாம் நோர்மல். "மன அழுத்தமாக இருக்கலாம்" என்று டொக்டர் அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் அவளுடைய களைப்பு ஒரு நோய் இல்லை, ஒரு குணம்!

நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். அந்தப் பரிசோதனைகள் எதைப் பார்த்தன?

நம் இரத்தக் குழாய்களின் உள்பக்கம் முழுக்க ஒரே அடுக்காகச் செல்கள் படர்ந்திருக்கின்றன. அதற்கு எண்டோதீலியம் என்று பெயர். அது சுவருக்கு ஒட்டிய தாள் அல்ல. குழாய் எப்போது விரியவேண்டும், இரத்தம் எங்கே உறையவேண்டும், எங்கே உறையக்கூடாது என்பதையெல்லாம் கவனிப்பது அதுதான். விரியச் சொல்ல அது நைட்ரிக் ஒக்சைட் என்ற வாயுவை வெளிவிடுகிறது. இந்த வாயுவின் வேலையைக் கண்டுபிடித்தவர்களுக்கு 1998 இல் நோபல் பரிசே கொடுத்தார்கள்.

அந்த அடுக்கு பழுதானால், நீங்கள் ஓடும்போது தசைக்குத் தேவையான இரத்தம் தேவையான நேரத்தில் போய்ச் சேராது. ஈசிஜி இதயத்தின் மின்துடிப்பைக் காட்டும், இதைக் காட்டாது. இதை அளக்க வேறு வழி இருக்கிறது. கையில் பட்டியைக் கட்டி ஐந்து நிமிடம் இரத்த ஓட்டத்தை நிறுத்துவார்கள். பிறகு பட்டியைத் தளர்த்தி, தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்கள். சாதாரண கிளினிக்கில் இதை யாரும் செய்வதில்லை. தேடாத இடத்தில் எதுவும் கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதற்காக எதுவும் இல்லை என்று சொல்வது என்ன நியாயம்?

தேடியவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. 2020 ஏப்ரலிலேயே சூரிச் வைத்தியர்கள், கடுமையாக நோயுற்றவர்களின் குழாய் உட்சுவரில் அழற்சியைக் கண்டு லான்செட் இதழில் எழுதினார்கள். 2025 இல் 16 நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. கொவிட் வந்து ஆறு மாதமான பெண்களின் தமனிகள், கொவிட் வராத பெண்களின் தமனிகளைவிட விறைப்பாக இருந்தன. அறிகுறிகள் நீடித்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக. வைத்தியசாலைக்குப் போகாமல் வீட்டிலேயே சுகமானவர்களும் அதில் இருந்தார்கள்.

எல்லோருடைய களைப்புக்கும் இரத்தக் குழாய்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வேறு காரணங்களையும் ஆராய்கிறார்கள். ஆனால் "எல்லாம் மனசுக்குள்ளதான்" என்று முடிவுகட்ட யாருக்கும் உரிமை இல்லை.

"ஓடித் திரி" என்ற புத்திமதிக்கும் பதில் இருக்கிறது. 2024 இல் ஆம்ஸ்டர்டாமில் நீள்கொவிட் உள்ள 25 பேரைச் சைக்கிள் மிதிக்கவைத்து, முன்னும் பின்னும் தசையில் துளி எடுத்துப் பார்த்தார்கள். மிதித்த பிறகு தசைச் சேதம் கூடியிருந்தது. அன்போடு சொல்கிற புத்திமதியும் ஆளைக் கட்டிலில் போடலாம்.

மறுபக்கம் இன்னொரு கூட்டம் இருக்கிறது. இரத்தத்தை இயந்திரத்தில் கழுவித் தருகிறோம், இந்த மாத்திரை குழாயைச் சுத்தமாக்கும் என்று காசு கறப்பவர்கள். நிரூபிக்கப்படாத வைத்தியம் அது. நம்மை நம்பாதவர்கள் நம்மை அவர்களிடம்தான் தள்ளிவிடுகிறார்கள்.

உங்களுக்கு இப்படி இருந்தால், எதைச் செய்தபின் எத்தனை நாள் படுத்தீர்கள் என்று எழுதிவையுங்கள். அதைக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள். பிரஷரையும் சீனியையும் பார்க்கச் சொல்லுங்கள். நம் தெற்காசிய உடம்புகளுக்குச் சீனி வியாதியும் மாரடைப்பும் மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகின்றன. நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்குவது என்றால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

உங்களுக்கு ஒன்றும் இல்லையென்றால் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சின்ன வயதிலிருந்து அம்மா அப்பாவுக்காக டொக்டர் சொல்வதை மொழிபெயர்த்தவர்கள் நாம்தானே? இதையும் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்: அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை.