முடிவை எழுதிவிட்டுக் கேள்வி தேடுகிறோம்

போன குளிர்காலம் தங்கையின் மகள் ஒரு தாளோடு வந்தாள். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு: ‘கனடாத் தமிழரின் அடையாளம்’.

“எப்பிடி இருக்கு மாமா?”

“என்ன விடை வரும் எண்டு உனக்கு இப்பவே தெரியுமோ?”

“ஓம்.”

“அப்ப ஏன் ஆராயிறாய்?”

அவளில் பிழையில்லை. நாங்கள் பழக்கிய பழக்கம் அது. தை மாதம் தமிழ் மரபுத் திங்கள் வந்தால் ரொறன்ரோ மேடைகளில் தொன்மை, பெருமை, அடையாளம் என்று முடிவுகள் முன்வரிசையில் அமர்ந்துவிடும். சான்றுகள் பின்கதவால் வரும். இதற்கு வழக்காடல் என்று பெயர். ஆய்வு என்று பெயரில்லை.

கைலாசபதி பர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தபோது சங்கப் பாடல் எவ்வளவு பழையது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருக்கவில்லை. அது எப்படி ஆக்கப்பட்டது, வாய்மொழிப் பாணர் மரபா என்று கேட்டார். கிரேக்க வீரப்பாடல்களோடு ஒப்பிட்டார். 1968இல் நூல் வந்தது. அவர் முடிவை மறுத்தவர்களும் வந்தார்கள். மறுக்க முடிந்தது என்பதே அதன் பலம். பிழைத்துப்போகக்கூடிய கேள்விதான் ஆய்வுக் கேள்வி.

அப்படிப்பட்ட கேள்விகளுக்கு ஸ்காபறோவில் பஞ்சமில்லை. அந்தியேட்டிக்கு அச்சிடும் கல்வெட்டை, நினைவு மலரை, எடுத்துப் பாருங்கள். பிறந்த ஊர், படித்த பள்ளி, பிள்ளைகள் வாழும் நாடுகள் எல்லாம் அதில் உண்டு. நூறு மலர்களைச் சேர்த்தால் எந்த ஊரார் எந்த நாட்டுக்குப் போனார்கள், ஆங்கிலப் பக்கம் எந்த ஆண்டில் நுழைந்தது என்று எண்ணலாம். எண்ணிக்கை ‘எவ்வளவு’ என்பதைச் சொல்லும். ‘ஏன்’ என்பதைச் சொல்லாது. அதற்கு அந்த வீடுகளுக்குப் போய் இருந்து கேட்க வேண்டும். அனுமதி பெற்றுக் கேட்க வேண்டும். போரைக் கடந்தவர் “வேண்டாம்” என்றால் எழும்பி வர வேண்டும். எழுதப்படாததையும் குறித்துக்கொள்ள வேண்டும். சாதி, சீதனம், முறிந்த மணம் பற்றி மலர்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அந்த மௌனமும் சான்றுதான்.

“செத்தவீட்டுப் புத்தகமெல்லாம் ஆராய்ச்சியோ? உலகம் மதிக்குமோ?” என்று கேட்பவர்களை அறிவேன். ஸ்காபறோ வளாகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 30 லட்சம் டொலர் திரட்டும் இலக்கை 2021இல் எட்டினோம். நல்ல காரியம். ஆனால் இருக்கை தானாகக் கேள்வி கேட்காது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்களை எரித்தவர்கள் வேறு ஆட்கள். முப்பத்தொராம் நாள் முடிந்ததும் கல்வெட்டை நீலத் தொட்டியில் போடுபவர்கள் நாங்கள். 1983க்குப் பின் வந்த முதல் தலைமுறை எழுபதையும் எண்பதையும் தொடுகிறது. மலரில் இருப்பதைச் சரிபார்க்க ஆளில்லாத நாள் தூரத்தில் இல்லை.

ஆகவே ஊர்ச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் சொல்கிறேன்: மண்டபச் செலவில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். உங்களுக்குப் பிடித்த முடிவோடு வருகிற பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். விடை தெரியாத கேள்வியோடு வருகிற பிள்ளைக்குக் கொடுங்கள்.

மருமகள் என் அலுமாரியிலிருந்து ஒன்பது கல்வெட்டுகளை எடுத்துப் போனாள். அதில் ஒன்று என் அம்மாவினுடையது. போன கிழமை அழைத்தாள்.

“மாமா, அம்மம்மா படிச்ச பள்ளிக்கூடம் எண்டு இதிலை இருக்கிறது பிழை போல கிடக்கு.”

நான் எழுதிக் கொடுத்த பக்கம் அது.